விருது பெற்ற படைப்பிலிருந்து மனம் எதை எடுத்துக்கொள்கிறது?

சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வரைந்து தர வேண்டும். அதில் உறிஞ்சுகுழல் இருக்கக் கூடாது, வாய் வைத்துக் குடிக்கும் மூக்கும் இருக்கக் கூடாது. டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் பொறியியல் வடிவமைப்பு பயில்வோரிடம் இப்படியொரு வேலையைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குக் கேள்வி மட்டும் தரப்பட்டது. இன்னொரு குழுவுக்கு அதனுடன் ஒரு மாதிரிப் படமும் தரப்பட்டது. கூடாது என்று சொல்லப்பட்ட உறுப்புகளே அந்தப் படத்தில் இடம்பெற்றிருந்தன. படத்தைப் பார்த்தவர்களில் பலர், நிபந்தனையைப் படித்த பிறகும், அதே உறுப்புகளைத் தங்கள் தாளிலும் வரைந்துவிட்டார்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் அளவைக் கோப்பையை வரையச் சொன்னபோதும் இதுவே நடந்தது: மாதிரியில் இருந்த குறைகள் வரைந்தவர்களின் கோப்பைகளிலும் வந்து உட்கார்ந்துகொண்டன. 1991இல் வெளியான இந்த ஆய்வு, தொழிலில் அனுபவமுள்ள வடிவமைப்பாளர்களும் இதற்கு விலக்கில்லை என்று காட்டியது. கண் ஒரே இடத்தில் நிலைகுத்துவதுபோல மனமும் ஒரு மாதிரியிலேயே நின்றுவிடுவதால், இதை 'வடிவமைப்பு நிலைகுத்தல்' என்று சொல்லலாம்.

புதிய வேலை ஒன்று கைக்கு வந்தவுடன் விருது பெற்ற படைப்புகளைத் தேடிப் புரட்டுவது விளம்பரக் கலைஞர்களிடமும் வடிவமைப்பாளர்களிடமும் ஊறிப்போன பழக்கம். விருது தரும் அமைப்புகள் பல என்பதால், புரட்டுவதற்குச் சரக்கும் ஏராளம். நியூயார்க்கின் ஆர்ட் டைரக்டர்ஸ் கிளப் 1920இல் பிறந்தது. ஜெர்மனியின் ஐஎஃப் வடிவமைப்பு விருது 1953இலும், லண்டனின் டி அண்ட் ஏடி அமைப்பு 1962இலும் தொடங்கின. கான் லயன்ஸ் என இன்று அறியப்படும் விளம்பரத் திருவிழா 1954இல் முதலில் நடந்தது வெனிஸ் நகரத்தில். பரிசாகத் தரப்படும் சிங்கமும் அந்நகரத்துச் சதுக்கத்தின் சிங்கத்தைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான். இந்தப் படைப்புகளைப் பார்ப்பதால் பயன் உண்டா என்ற கேள்வியைவிட, பார்க்கும்போது மனம் அவற்றிலிருந்து எதைப் பெயர்த்து எடுக்கிறது என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் பயனும் கேடும் அந்த ஓரிடத்தில்தான் பிரிகின்றன.

ஒரு படைப்பில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. நிறம், எழுத்துரு, வெற்றிடம், புகைப்படத்தின் கோணம் ஆகியவை மேற்பரப்பு. எந்தச் சிக்கலை எந்த உறவின் வழியே அந்தப் படைப்பு அவிழ்க்கிறது என்பது உள்ளமைப்பு. மேற்பரப்பைக் கண் முயற்சியின்றி வாங்கிக்கொள்கிறது; உள்ளமைப்பையோ ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் எட்ட வேண்டியிருக்கிறது. பிறகு நாம் புதிதாக ஒன்றை நினைக்க முற்படும்போது, நினைவில் அண்மையில் தூண்டப்பட்டவையும் எளிதில் கைக்கு எட்டுபவையும் முந்திக்கொண்டு வருகின்றன. தாமஸ் வார்ட் என்ற உளவியலாளர், பூமியைப் போலல்லாத வேறொரு கோளில் வாழும் விலங்கை வரையுமாறு 1994இல் வெளியிட்ட ஆய்வொன்றில் மாணவர்களைக் கேட்டிருந்தார். கட்டுப்பாடே இல்லாத அந்த வேலையிலும் பெரும்பாலான விலங்குகள் இடமும் வலமும் ஒத்த உடலோடு, கண்களோடு, கால்களோடு வந்து நின்றன. எந்த மாதிரியையும் காட்டாதபோதே மனம் பழக்கமான தடத்தில் நடக்கிறது என்றால், பரிசு பெற்றது என்ற முத்திரையோடு ஒரு மாதிரியைக் கண்முன் வைத்தால் என்ன ஆகும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

1959இல் டாய்ல் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் காருக்காக உருவாக்கிய 'திங்க் ஸ்மால்' (சிறிதாக நினையுங்கள்) விளம்பரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கலை இயக்குநர் ஹெல்மட் க்ரோன். வாசகம் எழுதியவர் ஜூலியன் கீனிக். பக்கத்தின் பெரும்பகுதி வெறுமையாக இருக்க, மேல் மூலையில் ஒரு சின்னஞ்சிறு கார் நிற்கிறது. அட்வர்டைசிங் ஏஜ் இதழ் இருபதாம் நூற்றாண்டின் விளம்பரப் பிரசாரங்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் பெற்றது இதுதான். இதைப் பார்த்துப் பாடம் கற்றவர்களில் பலர் எடுத்துக்கொண்டது வெற்றிடத்தை. அது மேற்பரப்பு. பெரிய கார்களே பெருமை என்றிருந்த அமெரிக்கச் சந்தையில், சிறியது என்ற குறையை மறைக்காமல் முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டு, அந்தக் குறையையே வாங்குவதற்கான காரணமாகத் திருப்பியதுதான் உள்ளமைப்பு.

அதே நிறுவனம் 1962இல் ஏவிஸ் என்ற வாடகைக் கார் நிறுவனத்துக்காக இன்னொரு தொடரை எழுதியது. நாங்கள் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறோம், அதனால் கூடுதலாக முயல்கிறோம் என்பது அதன் சாரம். வாசகம் பாலா கிரீன் எழுதியது, கலை இயக்குநர் மீண்டும் க்ரோன். இங்கே அவர் பக்க அமைப்பைத் தலைகீழாக்கினார். ஃபோக்ஸ்வாகன் பக்கங்களில், கார் சிறிதாக இருந்தாலும், படத்துக்கான இடம் பெரிது, எழுத்து சிறிது. ஏவிஸில் எழுத்து பெரிதாகிப் படம் சிறுத்தது. கண்ணுக்கு இரண்டு தொடர்களும் உறவே இல்லாதவைபோலத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே நெம்புகோலால்தான் பாரத்தைத் தூக்குகின்றன.

இப்படி இரண்டு படைப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பது ஏன் பலன் தருகிறது என்பதை மேரி கிக், கீத் ஹோலியோக் ஆகியோரின் ஆய்வுகள் விளக்குகின்றன. அவர்கள் கொடுத்த புதிர் இது: வயிற்றில் உள்ள கட்டியை அழிக்கும் அளவுக்கு வலுவான கதிரைச் செலுத்தினால் வழியிலுள்ள நல்ல திசுவும் அழியும், என்ன செய்வது? பல திசைகளிலிருந்து வலுக்குறைந்த கதிர்களைச் செலுத்திக் கட்டியில் மட்டும் அவை ஒன்றுகூடச் செய்ய வேண்டும் என்ற விடையைத் தாமாகக் கண்டவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். கண்ணிவெடி புதைத்த சாலைகள் வழியே படையைச் சிறு சிறு பிரிவுகளாக அனுப்பிக் கோட்டையை ஒரே நேரத்தில் வளைக்கும் தளபதியின் கதையை முன்னதாகப் படித்தவர்களிலும் பெரும்பான்மையோருக்கு இந்தத் தொடர்பு தானாகத் தோன்றவில்லை. முன்பு படித்த கதை உதவக்கூடும் என்று ஒரு வார்த்தை சொன்ன பிறகோ ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விடை கண்டார்கள். விடை மனத்தில் இருந்திருக்கிறது. கோட்டை, படை என்ற மேற்பரப்பு அதை மூடியிருந்தது. 1983இல் அவர்கள் வெளியிட்ட அடுத்த கட்டுரை, ஒரே உள்ளமைப்புக் கொண்ட இரண்டு கதைகளை ஒப்பிட்டு எழுதச் சொன்னால், குறிப்பு கொடுக்காமலேயே விடை காண்பவர்கள் கூடுகிறார்கள் என்று காட்டியது. மேற்பரப்பு வேறுபடும் இரண்டை ஒப்பிடும்போது பொதுவாக மிஞ்சுவது எலும்புக்கூடு மட்டுமே என்பதால், மனம் அதை எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

விளம்பரங்களின் எலும்புக்கூடுகளையே எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. ஜேக்கப் கோல்டன்பெர்க், டேவிட் மசூர்ஸ்கி, சோரின் சாலமன் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், போட்டிகளில் பரிசு பெற்றும் இறுதிச் சுற்றுக்கு வந்தும் பெயர்பெற்ற 200 விளம்பரங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 89 விழுக்காடு வெறும் ஆறு வார்ப்புகளுக்குள் அடங்கிவிட்டன. பரிசு எதுவும் பெறாத சாதாரண விளம்பரங்களிலோ இவ்வார்ப்புகள் 2.5 விழுக்காட்டில்தான் தென்பட்டன. வார்ப்புகளில் ஒன்று, பொருளின் பண்பைச் சொல்லாமல் அதன் விளைவைக் கடைசி எல்லைவரை நீட்டிக் காட்டுவது. சத்தமே போடாத மின்விசிறிக்கு விளம்பரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்; விசிறியைக் காட்டாமல், சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக் ஒலி தாங்காமல் நள்ளிரவில் அதன் பேட்டரியைக் கழற்றும் ஒருவரைக் காட்டினால், அது இந்த வார்ப்பில் விழும். ஆய்வாளர்கள் அத்துடன் நிற்காமல், முன்னனுபவம் இல்லாதவர்களுக்கு இவ்வார்ப்புகளைக் கற்றுக்கொடுத்து விளம்பரங்களை எழுத வைத்தார்கள். பயிற்சியே பெறாதவர்களின் விளம்பரங்களையும், மனம் போன போக்கில் யோசிக்கப் பயின்றவர்களின் விளம்பரங்களையும் விட இவர்களுடையவை படைப்பூக்கம் மிக்கவையாக மதிப்பிடப்பட்டன. கட்டற்ற சுதந்திரத்தைப் போற்றும் ஒரு தொழிலுக்கு இது கொஞ்சம் சங்கடமான முடிவுதான். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: விருது என்பது நடுவர்களின் மதிப்பீடு, அந்த விளம்பரத்தால் பொருள் விற்றதா என்பது இந்தக் கணக்கில் வரவில்லை.

உள்ளமைப்பைத் தனியே பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்கு மாதிரி தன் துறையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஜப்பானின் அதிவேக ரயில்கள் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தபோது முன்னால் அழுந்திய காற்று, மறுமுனையில் வெடியோசையாக வெளிப்பட்டது. பறவைகளைக் கவனிப்பதில் ஈடுபாடு கொண்ட எய்ஜி நகாட்சு என்ற பொறியாளர், தடை குறைந்த காற்றிலிருந்து தடை மிகுந்த நீருக்குள் அதிக அலையெழுப்பாமல் பாயும் மீன்கொத்தியின் அலகில் அதே சிக்கலையும் அதற்கான விடையையும் கண்டார். 1997இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலுக்கு 15 மீட்டர் நீள மூக்கு வாய்த்தது இப்படித்தான். மாதிரி வெகு தொலைவிலிருந்து வந்ததால் மேற்பரப்பைத் திருடுவதற்கு வாய்ப்பே இல்லாமல் போயிற்று. ரயிலுக்கு இறகு வைக்க யாரும் நினைக்க மாட்டார்கள்.

அருகிலுள்ள மாதிரிகளிடம் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆலன் பிரவுன், டானா மர்ஃபி ஆகியோரின் 1989 ஆய்வில், நால்வர் கூடி முறைவைத்துச் சொற்களைச் சொன்னார்கள். பிறகு அவரவர் சொன்னதை நினைவுகூரவும், இதுவரை யாரும் சொல்லாதவற்றைச் சொல்லவும் கேட்டபோது, பிறர் சொன்னவற்றைத் தம்முடையவையாகவும் புதியவையாகவும் 3 முதல் 9 விழுக்காடு வரை எழுதினார்கள். சரக்கு நினைவில் தங்கிவிடுகிறது, அது வந்த வழி மறந்துபோகிறது. ஐந்தாண்டுகளுக்கு முன் புரட்டிய பக்கம் ஒருநாள் சொந்த யோசனையாக எழுந்து வரும்போது, அதைத் தன் பிள்ளை என்று நம்பும் வடிவமைப்பாளரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு, அறிந்தே நகலெடுப்பது உதவுகிறது என்பது வியப்பாகத் தோன்றலாம். தகேஷி ஒகாடா, கென்டாரோ இஷிபாஷி ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்கள், ஓவியப் பயிற்சி இல்லாத மாணவர்களிடம் தங்களுக்குப் பழக்கமில்லாத பாணியில் வரையப்பட்ட ஓவியங்களைக் கையால் நகலெடுக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தவர்கள் பின்னர் வரைந்த சொந்தப் படங்கள் அந்த ஓவியங்களைப் போலவே இராமல், கூடுதல் புதுமையோடு இருந்தன. பழக்கமான பாணியை நகலெடுத்தவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. கண் ஒரு நொடியில் கடந்துபோவதைக் கையால் அப்படிக் கடக்க முடியாது. ஒவ்வொரு கோட்டிலும் இது ஏன் இங்கே, இவ்வளவு நீளத்தில் என்று அது நின்றுதான் போக வேண்டும். 'திங்க் ஸ்மால்' பக்கத்தைப் பென்சிலால் நகலெடுக்கும் ஒருவர், காரை வரைந்து, தலைப்பின் இரண்டு சொற்களையும் எழுதி முடித்ததும், தலைப்புகளில் வழக்கமாக இராத ஒரு முற்றுப்புள்ளி அங்கே இருப்பதை, எத்தனையோ முறை பார்த்திருந்தும், அப்போதுதான் கவனிப்பார்.