தேம்ஸில் வேகமான தண்ணீர் எங்கே ஓடுகிறது?

எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் படகில் 2,000 மீட்டருக்கு ஜெர்மன் அணி 2017-ல் படைத்த உலக சாதனை 5 நிமிடம் 18 விநாடி. விநாடிக்குச் சுமார் 6.3 மீட்டர். லண்டனில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் ஆண்டுதோறும் மோதும் போட் ரேஸின் தூரமோ 6.8 கிலோமீட்டர். அதை 1998-ல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 16 நிமிடம் 19 விநாடியில் கடந்தார்கள். விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர்! மும்மடங்குக்கும் அதிகமான தூரத்தில் உலக சாதனையை மிஞ்சும் வேகம் எப்படி வந்தது? பாதி பதில் தண்ணீரில் இருக்கிறது.

லண்டனில் பட்னியிலிருந்து மோர்ட்லேக் வரையிலான பந்தயப் பாதை தேம்ஸ் ஆற்றின் மேல்நோக்கிப் போகிறது. ஆனால் கடல் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஏறும்போது அங்கே தேம்ஸ் சில மணி நேரம் பின்னோக்கி ஓடும். உயர் ஓதத்துக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் முன்பு பந்தயத்தைத் தொடங்குவதால், அந்த ஓட்டம் படகையும் சுமந்துகொண்டு போகிறது.

இந்த ஓட்டம் ஆற்றின் குறுக்கே எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. தரையோடும் கரையோடும் உராயும் நீர் மெதுவாகிவிடும். ஆழமான தடத்தின் மேலே ஓடும் நீருக்கு அந்த இழுவை குறைவு. வளைவுகளில் ஆழம் பெரும்பாலும் வெளிக்கரைப் பக்கம் ஒதுங்குகிறது. ஆகவே உள்பக்கமாக வெட்டிச் சென்றால் தூரம் மிச்சம். கரையை நெருங்கிவிட்டாலோ மந்தமான நீரில் மாட்டிக்கொள்வோம். இந்தப் பேரத்தை நொடிக்கு நொடி நடத்துபவர் காக்ஸ், அதாவது துடுப்பு வலிக்காமல் படகைத் திசைதிருப்பி ஓட்டுபவர். துடுப்பு வலிப்பவர்கள் பின்பக்கம் பார்த்து அமர்ந்திருப்பதால், முன்னால் வருவதைப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான்.

ஒரு படகுக்குக் கிடைக்கும் ஓட்டம் மற்றதைவிட விநாடிக்கு வெறும் 10 சென்டிமீட்டர் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் விநாடியில் 100 மீட்டர் போய்விடும். ஐந்தாறு படகு நீளம்! அதைத் தசையால் ஈடுகட்டுவது எளிதல்ல. நீரின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. வேகத்தைச் சுமார் 2 சதவீதம் கூட்ட, எட்டுப் பேரும் ஐந்தாறு சதவீதம் கூடுதல் திறனை ஒரு வீச்சும் தவறாமல் தர வேண்டும்.

அந்த உடல் வலு சொந்த ஆற்றில்தான் உருவாகிறது. கேம்பிரிட்ஜ் அணியின் படகு இல்லம் ஈலி என்ற ஊரில், கிரேட் ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் நகருக்குள் ஓடும் கேம் ஆறு குறுகலானது, நெரிசலானது; ஈலியிலோ நீளமான நேர்ப்பாதை கிடைக்கிறது. 17 மீட்டருக்கு மேல் நீளமும் அரை மீட்டர் சொச்சம் அகலமும் கொண்ட கார்பன் இழைப் படகை முழு வேகத்தில் ஓட்டிப் பழக அருமையான இடம். 2021-ல், பெருந்தொற்றுக் காலத்தில், லண்டன் பந்தயப் பாதையில் உள்ள ஹேமர்ஸ்மித் பாலத்தின் பாதுகாப்புச் சிக்கலும் சேர்ந்துகொள்ள, பந்தயமே அங்கு நடந்தது. ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் கேம்பிரிட்ஜ் வென்றது. ஆனால் ஏறும் ஓதத்தைப் படிக்கும் கலையை ஈலி கற்றுத்தராது. அதற்கு லண்டனுக்கே வந்து பழக வேண்டும்.

காற்று வேறு இருக்கிறது. ஓட்டத்துக்கு எதிராகக் காற்று வீசினால் அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழும். படகின் விளிம்போ நீரிலிருந்து சில அங்குல உயரத்தில்தான் இருக்கும். 1978-ல் பந்தயத்தின் நடுவிலேயே கேம்பிரிட்ஜ் படகில் நீர் புகுந்து மூழ்கியது.

இதனால்தான் தொடக்கத்தில் போடும் டாஸுக்கு அவ்வளவு மதிப்பு. வடகரையான மிடில்செக்ஸ் பக்கம் முதல் வளைவிலும் கடைசி வளைவிலும் சாதகம். தென்கரையான சர்ரே பக்கம் நடுவில் வரும் நீண்ட வளைவில் சாதகம். டாஸ் வென்ற அணி அன்றைய காற்றையும் எதிரணியின் பலத்தையும் எடைபோட்டுத் தன் கரையைச் சொல்லும்.