சலூன் பிளேடும் இலவச ஹெபடைடிஸ் சிகிச்சையும்

சவரம் செய்யும்போது தாடையோரம் சின்னதாக ஒரு கீறல். கடைக்காரர் படிகாரக் கல்லை நனைத்து அதில் தேய்க்கிறார். சுரீரென்று எரிந்து ரத்தம் நிற்கிறது. அதே கல் அடுத்தவர் கன்னத்துக்கும் போகிறது. பிளேடைக் கவனிக்கிற நாம் இந்தக் கல்லைக் கவனிப்பதே இல்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே தொற்றுக்குப் போதும்.

பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் மாட்டுவார்கள். பிரிக்காத மறுபாதி இன்னொருவருக்குப் போகலாம், தவறில்லை. ஒருமுறை முகத்தில் பட்ட பாதி மட்டும் யாருக்கும் திரும்பப் போகக் கூடாது. "அண்ணே, புது பிளேடு போடுங்க" என்று கேட்க எந்தக் கூச்சமும் வேண்டாம். பழைய பிளேடை டெட்டால் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. கல்லுக்குப் பதில் படிகாரத் தூளைப் பஞ்சில் தொட்டு வைத்துவிட்டு, பஞ்சைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சரி, எப்போதோ தொற்றியிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால்? மத்திய அரசு 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. இதன் கீழ் ஹெபடைடிஸ் பி, சி என்ற இரண்டு வகைக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ போய்க் கேளுங்கள். தமிழ்நாட்டில் 104-க்கு அழைத்தும் விவரம் கேட்கலாம்.

சி வகை என்றால் பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை. அநேகமாக எல்லோருக்கும் முழுதாகக் குணமாகிவிடும். பி வகை அப்படியில்லை. எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது, தொடங்கினால் நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும். நடுவில் தானாக நிறுத்துவது கல்லீரலுக்குக் கேடு. மஞ்சள் காமாலை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். பல வருடம் எந்த அறிகுறியும் இல்லாமலே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். தொற்று உள்ளவரோடு சேர்ந்து சாப்பிடுவதாலோ கை குலுக்குவதாலோ இது பரவாது, அவரை யாரும் ஒதுக்க வேண்டியதில்லை.

குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி, அப்புறம் 6, 10, 14-வது வாரங்களில் என அரசு இலவசமாகப் போடுகிறது. பெரியவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் 3 ஊசி. நாள் முழுக்கக் கத்தி பிடிக்கும் சலூன் தொழிலாளர்தான் இதை முதலில் போட்டுக்கொள்ள வேண்டியவர். சி வகைக்குத் தடுப்பூசியே கிடையாது.