கேமரா டிராப்: கேமராப் பொறியா, படப்பொறியா?

‘தானியங்கி கேமராவில் புலி பதிவானது’ என்று செய்திகளில் அடிக்கடி படித்திருப்பீர்கள். காட்டுக்குள் வேலை செய்கிறவர்கள் அதை கேமரா டிராப் (camera trap) என்பார்கள்; டிராப் என்றால் பொறி. தானியங்கி என்பது தப்பில்லை. ஆனால் மணிக்கு ஒருமுறை தானாகப் படம் எடுக்கும் கருவியும் தானியங்கிதானே? விலங்கே வந்து விசையைத் தட்டிவிடுகிறது என்பதுதான் டிராப் என்ற சொல்லின் உயிர், அது இங்கே காணாமல் போய்விடுகிறது.

முதலில் நிஜமாகவே தட்டத்தான் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் கயிறு கட்டி வைத்து, மான் அதை இழுத்ததும் ஃபிளாஷ் வெடித்துப் படம் விழும்படி செய்தார். அவருடைய இரவுப் படங்கள் 1906இல் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வந்தன. 1920களில் வட இந்தியக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டிப் புலியைப் படம் பிடித்தார். எலிப்பொறியும் இப்படித்தான், தொட்டால் விழும்.

இப்போது கம்பி கிடையாது, உடம்புச் சூடுதான் விசை. சுற்றுப்புறத்தோடு ஒட்டாத ஒரு சூடு எதிரே நகர்ந்தால் உணரி (சென்சார்) கண்டுகொள்ளும். அதனால்தான் வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினால்கூடப் படம் விழுந்துகொண்டே இருக்கும், எடுத்துப் பார்த்தால் வெறும் புல். முன்னால் இருக்கும் புல்லைச் செதுக்கிவிட்டு, மரத்தில் முழங்கால் உயரத்தில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். புலிக் கணக்கெடுப்பு என்றால் தடத்தின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு பெட்டி வேண்டும், ஏனென்றால் ஒரே புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. அந்த வரியை வைத்துத்தான் இது இன்ன புலி என்று பிரித்தறிகிறார்கள்; அதே புலி திரும்பத் திரும்ப எத்தனை தடவை விழுகிறது என்பதிலிருந்து, படத்தில் விழாத புலிகளையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் இந்த முறையைச் செய்து காட்டினார். 2018-19 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 26,838 இடங்களில் வைத்ததில் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல் படங்கள். அதில் புலி இருந்தவை 76,651.

சரி, தமிழுக்கு வருவோம். சிலர் கேமராப் பொறி என்று எழுதுகிறார்கள். எலிப்பொறி எலியைப் பிடிப்பது. அந்தக் கணக்கில் பார்த்தால் கேமராப் பொறி கேமராவைப் பிடிப்பது என்று ஆகிவிடும். படப்பொறி என்று சொல்லிப் பாருங்கள். படத்தைப் பிடிக்கும் பொறி. நாம் ஏற்கெனவே படம் ‘பிடிக்கிறோம்’ என்றுதானே சொல்கிறோம்!

அதுவும் பொறி எவ்வளவு பழைய சொல். புறநானூற்றின் 19ஆம் பாட்டில் புலிக்காக வேட்டுவன் ‘பொறியறிந்து மாட்டிய’ கல் அடார் வருகிறது; அடார் என்பது கல்லைச் சாய்த்து நிறுத்தி வைக்கும் பொறி, அதன் விசைக்குத்தான் அங்கே பொறி என்று பெயர். அப்புறம் கண், காது முதலிய புலனுறுப்புகளும் ஐம்பொறி, தீயிலிருந்து தெறிப்பதும் பொறி, உடம்பில் இருக்கும் புள்ளியும் வரியும் பொறி, சோழருடைய முத்திரை புலிப்பொறி. கல்லில் எழுத்தைப் பதிப்பதும் பொறிப்பதுதான். உணரி, ஃபிளாஷ், புலியின் வரி, பதிவு என்று அந்தப் பெட்டி செய்யும் வேலை மொத்தமும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது, எனக்கு அதில் தாங்க முடியாத சந்தோஷம்.

படப்பொறியை எல்லாக் கேமராவுக்கும் பொதுப்பெயராக எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் பேச்சில் அது கேமராவாகவே நிலைத்துவிட்டது, எனவே இந்தச் சொல்லைக் காட்டுக்கே கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. எழுதும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ‘புலி பொறியில் சிக்கியது’ என்று சுருக்கினால் கூண்டில் மாட்டிக்கொண்டது என்றுதான் ஊரில் புரிந்துகொள்வார்கள். படப்பொறியில் பதிவானது என்றே எழுதுங்கள்.

கண்ணி என்ற சொல்லை இதற்குக் கொண்டுவரவே கூடாது. கண்ணி என்பது கழுத்தையும் காலையும் இறுக்கும் சுருக்கு. வியட்நாம், லாவோஸ் எல்லை மலைக்காடுகளில் வாழும் சாவோலா என்ற அரிய விலங்கை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது அந்தக் கம்பிக் கண்ணிகள்தான். அது உயிரோடு இருப்பதற்கு உறுதியான சாட்சி கடைசியாகக் கிடைத்தது 2013இல், வியட்நாம் காட்டில் கட்டியிருந்த ஒரு படப்பொறியில்.