பிரசிடென்ட்: அதிபரா, தலைவரா?

கிராமத்தில் "பிரசிடென்ட் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வா" என்றால் ஊராட்சித் தலைவர் வீடு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அமெரிக்காவை ஆள்பவருக்கும் அதே சொல்தான். அந்நாட்டின் முதல் துணைத் தலைவர் ஜான் ஆடம்ஸை உறுத்தியதும் இதுதான்.

லத்தீனில் 'ப்ரே' என்றால் முன்னால், 'செடேரே' என்றால் உட்கார்தல். பிரசிடென்ட் என்பவர் அவைக்கு முன்னால் உட்கார்ந்து கூட்டத்தை நடத்திக் கொடுப்பவர், அவ்வளவுதான். ஆளுகிற பொருள் இந்தச் சொல்லின் வேரில் இல்லை. 1787இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பை எழுதிய மாநாட்டுக்கு வாஷிங்டன் பிரசிடென்டாக இருந்ததும் இந்தப் பொருளில்தான். விவாதங்களில் அவர் பேசியது மிகக் குறைவு.

1789இல் அவர் நாட்டுக்கே பிரசிடென்ட் ஆனார். ஆடம்ஸ் துணைத் தலைவர். அந்தப் பதவியின்படி, நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபையை நடத்துபவரும் அவரே. தீயணைப்புக் குழுவுக்கும் கிரிக்கெட் கிளப்புக்கும்கூட பிரசிடென்ட் உண்டே, ஐரோப்பிய அரசவைகள் இந்தப் பெயரை மதிக்குமா என்று அவர் வாதாடினார். செனட் குழுவும் ஒரு நீண்ட பட்டத்தைப் பரிந்துரைத்தது: 'மேன்மைதங்கிய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரசிடென்ட், அவற்றின் உரிமைகளின் காவலர்'. கீழவையான பிரதிநிதிகள் சபை ஒரேயடியாக மறுத்துவிட்டது. மே 14 அன்று செனட்டும் இறங்கி வந்தது. பட்டம் எதுவும் ஒட்டாத அந்தச் சொல்லே நின்றது. 1797இல் அதே பெயரில் ஆடம்ஸும் பதவியேற்றார்.

சரி, தமிழில்? நம் பத்திரிகைகள் அமெரிக்காவுக்கு 'அதிபர்' என்றும் இந்தியாவுக்கு 'குடியரசுத் தலைவர்' என்றும் பிரித்து எழுதுகின்றன. ஆட்சி நடத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று காட்ட இந்தப் பிரிவு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 'அதிபன்' வடமொழி 'அதிப' வழி வந்தது. அரசன், ஆளும் தலைவன் என்று பொருள். அந்த மன்னர் வாடை வேண்டாம் என்றுதானே 1789இல் அத்தனை பேர் மல்லுக்கு நின்றார்கள்! அவைக்கு முன்னால் உட்காருபவரை நாம் அவைத்தலைவர் என்கிறோம். அதனால் அமெரிக்காவுக்கும் 'குடியரசுத் தலைவர்' என்றே எழுதுவேன்.

இலங்கைத் தமிழில் வழக்கு வேறு. அங்கே நாட்டுக்கு ஜனாதிபதி; அதிபர் என்றால் பள்ளிக்கூடத்தை நடத்துபவர்.