அம்புக்கு இறகு, காருக்குப் பின்சக்கரம்

மான்ட்ரியலில் நவம்பர் முடியும்போது தெருவிலிருந்து சில கார்கள், அதாவது எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றும் ஸ்போர்ட்ஸ் கார்கள், காணாமல் போகும். இரண்டே இருக்கை உள்ள மாஸ்டா மியாட்டா, நீள மூக்கு மஸ்டாங் போன்றவை கராஜுக்குள் போய்ப் போர்வை போர்த்திக்கொண்டால் ஏப்ரலில்தான் கண் திறக்கும். ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு சிலர் அடம்பிடித்து அதே காரை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 2 மீட்டர் பனி கொட்டும் ஊர் இது. "பின்சக்கரம் தள்ளுற வண்டியா? பனியிலயா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அவருடைய பயத்தில் பாதி நியாயம் உண்டு. ஆனால் அவர் நினைக்கிற பாதி அல்ல.

உராய்விலிருந்து தொடங்குவோம். காய்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வெண் சுமார் 0.8. அதாவது ஒரு சக்கரத்தின் மேல் 100 கிலோ எடை அழுத்தினால், அது 80 கிலோ அளவு விசையைச் சாலைமீது செலுத்த முடியும். அதற்கு மேல் கேட்டால் வழுக்கும். வண்டிகள் ஏறி இறங்கி இறுகிப்போன பனியில் இந்த எண் 0.2 அல்லது சற்றுக் கூடுதல். பனிக்கட்டியில் 0.1. அந்தக் கட்டி உருகத் தொடங்கி மேலே நீர் படர்ந்துவிட்டால் இன்னும் பாதியாகும்.

இப்போது மியாட்டாவை எடுத்துக்கொள்வோம். ஆளோடு சேர்த்து 1,100 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருக்கும். காய்ந்த சாலையில் அந்தக் கார் அவ்வளவு இனிமையாகத் திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். பின்சக்கரங்களின் மேல் 550 கிலோ. இறுகிய பனியில் அவை தரக்கூடிய தள்ளு விசை 110 கிலோ. இதை ஏற்றமாக மாற்றினால், 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சாலை வரை கார் ஏறும். எஞ்சினும் கியர்பெட்டியும் முன்னால் இருக்கும் சாதாரண முன்சக்கர இயக்கக் காரில் 60 சதவீத எடை முன்பக்கம் இருப்பதால் அது சுமார் 12 மீட்டர் ஏறும். நான்கு சக்கரமும் இயங்கும் கார் 20 மீட்டர்.

பாருங்கள், முன்சக்கர வண்டிக்கும் பின்சக்கர வண்டிக்கும் இடையில் வித்தியாசம் அவ்வளவுதான், பத்துக்குப் பன்னிரண்டு. ஊரே பேசும் பூதம் இந்தக் கணக்கில் தெரியவில்லை. காய்ந்த சாலையில் பின்சக்கரக் காருக்கு ஒரு சலுகையும் உண்டு: வேகமெடுக்கும்போது எடை பின்னோக்கிச் சாய்ந்து, தள்ளும் சக்கரங்களையே அழுத்தும். பனியில் வேகமெடுப்பே மந்தம் என்பதால் அந்தச் சாய்வு ஓரிரு சதவீதத்தோடு நின்றுவிடும். சலுகை போச்சு. மவுன்ட் ராயல் மலையை ஒட்டி ஏறும் சாலை ஒன்றின் பெயரே கோட்-டெ-நேஜ், அதாவது பனி மூடிய மேட்டுச்சரிவு. நம்மவர்களும் கணிசமாக வசிக்கும் பகுதி அது. அங்கே ஜனவரியில் பக்கத்துச் சந்து ஒன்றில் ஏற முடியாமல் பின்சக்கரம் சுழலும் காரைப் பார்த்தால், மேலே சொன்ன கணக்கு கண்ணெதிரே நடப்பதாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏறுவது ஒரு பக்கம் இருக்கட்டும். நிற்பது? பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும்தான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் காய்ந்த சாலையில் சுமார் 12 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 49 மீட்டர். பனிக்கட்டியில் 98. இந்த எண்களில் எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறது என்பதற்கு இடமே இல்லை. நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருப்பவர்கள் தைரியமாகக் கிளம்பிப் போய்ப் பள்ளத்தில் இறங்குவது இதனால்தான். கிளம்பும்போது கிடைத்த சுகம், நிறுத்தும்போதும் கிடைக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

ஆக, முதலில் பேச வேண்டியது டயரைப் பற்றி. ஸ்போர்ட்ஸ் காரோடு வரும் கோடைக்கால டயரின் ரப்பர் வெயிலுக்காகச் சமைக்கப்பட்டது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே போகப் போக அது விறைக்கும். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் பிதுங்கி இறங்கினால்தான் பிடிப்பு. விறைத்த ரப்பர் பிளாஸ்டிக் தட்டுபோல மேலேயே மிதக்கும். கடுங்குளிரில் அத்தகைய டயர் அசைந்தால் விரிசல்கூட விடலாம். குளிர்கால டயரின் ரப்பர் கலவை வேறு. உறைநிலைக்கு வெகு கீழேயும் இளக்கமாக இருக்கும்படி அதைத் தயாரிக்கிறார்கள். தரையைத் தொடும் அதன் ரப்பர் கட்டைகளில் பிளேடால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் பனியைக் கவ்வும். பனிக்கட்டியின் மேல் படரும் நீரைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ளவும் செய்யும்.

அதன் அகன்ற பள்ளங்களுக்கு இன்னொரு வேலை. சேற்றில் நாம் வேண்டாதது, அதாவது பள்ளத்தில் அடைந்துகொள்வது, பனியில் வேண்டியதாகிறது. ரப்பரைவிடப் பனியோடு நன்றாக ஒட்டுவது பனிதான். உள்ளங்கையில் பனியை அழுத்தி உருண்டை பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். டயரின் பள்ளத்தில் இறுகிய பனி, சாலைப் பனியைப் பிடித்துக்கொள்கிறது. பின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் 1934-இலேயே லாரிகளுக்கென்று குளிர்கால டயர் செய்தது. 1936-இல் கார்களுக்கான ஹாக்காபெலீட்டா டயர் வந்தது. மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் இன்று டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடுவது சட்டப்படி கட்டாயம். மூன்று மலைமுகடுகளுக்குள் ஒரு பனித்துகள் வரைந்த முத்திரை டயரில் இருக்க வேண்டும். அல்லது ஆணி பதித்த டயராக இருக்க வேண்டும்.

அகலமும் முக்கியம். கோடையில் அகன்ற டயர்தான் ராஜா. புதுப்பனியிலோ அது பனிநடைக்குக் கட்டும் அகன்ற காலணி மாதிரி மேலேயே ஏறி நிற்கும். ஒடுக்கமான டயர் அதே எடையைச் சின்ன இடத்தில் அழுத்தி, பனியைப் பிளந்து கீழே உள்ள கெட்டித் தரையைத் தேடும். மியாட்டாக்காரர்கள் 17 அங்குலச் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிர்காலத்துக்கு 16 அங்குலம், 195 மில்லிமீட்டர் அகலம் என்று இறங்குவது அழகைத் தியாகம் செய்துதான்.

சரி, டயர் நல்லது. அப்படியும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் நியாயமான பாதி எது?

அம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதை நேராகப் பறக்க வைப்பது வாலில் உள்ள இறகு. அம்பு கொஞ்சம் திரும்பினாலும் இறகில் காற்று மோதி வாலைப் பழையபடி வரிசைக்குத் தள்ளும். காருக்கு இந்த இறகு, பின்டயர்களின் பக்கவாட்டுப் பிடிப்பு. அது இருக்கும் வரை கார் மூக்கு போன வழியில் போகும். அது போய்விட்டால் வால் முன்னுக்கு வரப் பார்க்கும்.

ஒரு டயரிடம் இருக்கும் பிடிப்பு ஒரு படி அரிசி மாதிரி. தள்ளுவதற்கும், பிரேக்குக்கும், வளைவில் பக்கவாட்டில் தாங்குவதற்கும் அதிலிருந்துதான் அளந்து போட வேண்டும். அரிசியைவிட இது கொஞ்சம் தாராளம்: இரண்டு விசைகளும் செங்குத்தாக இருப்பதால் பிதாகரஸ் கணக்கு பொருந்தும். 80 சதவீதத்தைத் தள்ளுவதற்குக் கொடுத்தாலும் பக்கவாட்டுக்கு 60 சதவீதம் மிஞ்சும். ஆனால் முழுவதையும் தள்ளுவதற்கே கேட்டுவிட்டால், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்திச் சக்கரம் காற்றாடி போலச் சுற்றினால், பக்கவாட்டுக்கு மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

முன்சக்கர வண்டியில் இந்தத் தவறு நடந்தால் முன்டயர் வழுக்கும். ஸ்டியரிங் திருப்பினாலும் கார் நேரே போகும். காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்சக்கர வண்டியில் அதே தவறு இறகைப் பிய்த்துவிடுகிறது. தவறின் அளவு ஒன்றுதான், தண்டனைதான் வேறு.

இன்னும் நுட்பமான ஒரு பொறி உண்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தாலும் இறகு போகலாம். கியரில் இருக்கும் எஞ்சின் அப்போது பின்சக்கரங்களை மட்டும் இழுத்துப் பிடிக்கும். பனிக்கட்டியில் அந்தச் சின்ன இழுப்பே அளவுக்கு மீறியது. இறக்கத்தில் மூன்றாவதிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றிக் கிளட்சைப் பட்டென்று விட்டால், கைபிரேக்கை இழுத்ததுபோலத்தான். அனுபவஸ்தர்கள் அந்த நேரத்தில் கிளட்சை மிதித்துச் சக்கரங்களை எஞ்சினிலிருந்து விடுவிப்பார்கள். உருளும் சக்கரத்துக்கு உடனே இறகு முளைத்துவிடும். கிளம்பும்போதும் இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளம்புவது இதே காரணத்துக்காக; சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை குறைவு.

வால் நழுவத் தொடங்கினால் நழுவும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். கேட்க எளிது. ஆனால் மியாட்டாவில் முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.31 மீட்டர்தான், எடையும் நடுவில் குவிந்திருக்கும். ஆகவே சுழல ஆரம்பித்தால் விருட்டென்று சுழலும். ஒருமுறை திருத்தியதும் வால் ஊசல் போல எதிர்ப்பக்கம் வீசும். பலர் அந்த இரண்டாவது வீச்சில்தான் பனிமேட்டில் போய்ச் சொருகுகிறார்கள். நீளமான கார் சுழலவே கொஞ்சம் யோசிக்கும்.

எஞ்சினைப் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிட்ட போர்ஷே 911 இதில் தனி ரகம். சுமார் 60 சதவீத எடை தள்ளும் சக்கரங்கள் மேல். அதனால் ஏற்றத்தில் முன்சக்கர வண்டிக்குச் சளைக்காது; ஆனால் வால் சம்மட்டி போலக் கனம், வீச ஆரம்பித்தால் அடக்குவது கடினம். அந்தச் சம்மட்டியை வசப்படுத்தியவர் ஸ்வீடனின் பியோர்ன் வால்டெகோர்ட். பனியும் பனிக்கட்டியும் நிறைந்த மான்டே கார்லோ ராலி என்ற கார்ப்பந்தயத்தை 1969, 1970 இரண்டு ஆண்டுகளும் 911-இல் வென்றார். வளைவு வருமுன்பே காரை எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி, வால் வீசும் வேகத்திலேயே வளைவுக்குள் திருப்பிவிடும் வித்தை வடதேச ராலி ஓட்டுநர்களுடையது. நாம் அஞ்சும் ஊசலையே அவர்கள் ஸ்டியரிங்காக வைத்துக்கொண்டார்கள். 1981-இல் ஹன்னு மிக்கோலா நான்கு சக்கர இயக்க ஆடி குவாட்ரோவில் ஸ்வீடிஷ் ராலியை வென்றபின் பின்சக்கர வண்டிகளின் அந்தக் காலம் மெல்ல முடிந்தது.

சாதாரணர்களுக்கு அந்த வித்தை வேண்டாம். 1995-இல் பாஷும் மெர்சிடிஸ்-பென்ஸும் சாலைக்குக் கொண்டுவந்த நிலைப்புக் கட்டுப்பாடு என்ற கணினி ஏற்பாடு இருக்கிறது. ஸ்டியரிங் சொல்லும் திசையையும் கார் உண்மையில் திரும்பும் வேகத்தையும் நொடிக்குப் பலமுறை ஒப்பிட்டுப் பார்க்கும். வால் வீசினால் வளைவின் வெளிப்பக்க முன்சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்டுக் காரைத் திரும்ப இழுக்கும். கனடாவில் 2011 செப்டம்பர் முதல் புதிய கார்களில் இது கட்டாயம். மனிதக் கால் நான்கு சக்கரத்தையும் சேர்த்துத்தான் மிதிக்கும். இது ஒன்றை மட்டும் தொடும். ஆனாலும் அது இருக்கிற அரிசியைத்தான் பங்குபோடுகிறது. இல்லாததைக் கொண்டுவராது.

எஞ்சினின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு டிஃபரன்ஷியல். பின் அச்சில் உள்ள அதிலும் ஒரு வேடிக்கை. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சம முறுக்குவிசைதான் தரும். நடைபாதை ஓரம் நிறுத்திய காரின் வலது சக்கரம் பனிக்கட்டியிலும் இடது சக்கரம் தாரிலும் இருந்தால், வலது சுற்றிக்கொண்டே இருக்கும். இடதுக்கும் அதே சொற்பம்தான் கிடைக்கும். இரண்டையும் ஓரளவு பிணைக்கும் வகையைப் பொருத்தினால் வண்டி வெளியே வந்துவிடும். ஆனால் ஓடும்போது அழுத்திவிட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும். முன்பு சும்மா உருண்டு இறகு வேலை பார்த்த ஒரு சக்கரமும் இப்போது இல்லை. சாலை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வால் இறங்கும்.

டிக்கியில் மணல் மூட்டை போடுவது பழைய வைத்தியம். 30 கிலோ மூட்டை இரண்டைப் பின் அச்சின் மேலேயே வைக்க முடிந்தால், மேலே போட்ட கணக்கில் 10 மீட்டர் ஏறிய கார் 10.5 மீட்டர் ஏறும். அவ்வளவுதான். பின்பக்கம் காலியாக இருக்கும் பிக்கப் லாரிக்குப் பொருந்தும் வைத்தியத்தை மியாட்டாவுக்குக் கொடுக்கிறார்கள். மூட்டையைப் பிரித்து மணலைச் சக்கரத்தடியில் தூவினால் அதைவிடப் பலன் அதிகம்.

வெப்பமானி நம்மை ஏமாற்றும் விஷயமும் சொல்ல வேண்டும். மைனஸ் 25 பயமாகத் தெரியும். ஆனால் அந்தக் குளிரில் பனிக்கட்டி ஓரளவு வறண்டு பிடி கொடுக்கும். பூச்சியத்தை ஒட்டிய நாள்தான் ஆபத்து. பனிக்கட்டியின் மேலடுக்கு மூலக்கூறுகள் முழுதாகக் கட்டுப்படாமல் அலைவதும், டயர் உரசும் வெப்பமும் சேர்ந்து மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகின்றன. சாலையில் தூவும் உப்பும் மைனஸ் 10-ஐத் தாண்டினால் சோம்பல்படும். ஆனால் காரின் அடித்தகட்டைத் தின்பதில் அது சோம்பல்படாது. பழைய மியாட்டாக்கள் துருப்பிடித்துச் செத்த அளவுக்குச் சறுக்கிச் சாகவில்லை என்பது என் எண்ணம்.

கடைசியாக, எந்த டயரும் எந்தக் கணினியும் உதவாத ஓர் இடம். பனி அகற்றும் வண்டிகள் தெருவை வழித்துக்கொண்டு போகும்போது ஓரத்தில் ஒரு வரப்பை விட்டுச் செல்லும். மியாட்டாவின் வயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. வரப்பின் மேல் ஏறினால் கார் படகு போலப் பனியில் உட்கார்ந்துவிடும். எடை முழுக்க வயிற்றில், சக்கரத்தின் மேல் எதுவும் இல்லை, உராய்வும் இல்லை. அப்போது இறங்கி மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான். 130 லிட்டர் டிக்கியில் நீளக் காம்பு நுழையாது, குட்டைக் காம்பாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.