முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு

பழைய ரெக்கார்டு வாங்கும்போது பலரும் முதல் பாட்டைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். விற்பவருக்கு அது வசதி. தட்டின் குறைகள் பெரும்பாலும் குடியிருப்பது கடைசிப் பாட்டில்.

ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழுவின் ‘ரூமர்ஸ்’ (1977) கோடிக்கணக்கில் விற்ற ஆல்பம். பழைய பிரதிகளுக்குப் பஞ்சமில்லை. அடிபட்ட பிரதிகளுக்கும் பஞ்சமில்லை. அதன் முதல் பக்கம் ‘சாங்பேர்ட்’ பாட்டில் முடிகிறது. கிறிஸ்டின் மெக்வியின் குரல், பியானோ, பின்னால் மெல்லிய கிட்டார், அவ்வளவுதான். ஒரு தட்டைச் சோதிக்க இதைவிடக் கறாரான பாட்டு கிடைப்பது அரிது.

தட்டு தொடக்கம் முதல் முடிவு வரை நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றுகிறது. ஊசிக்கு அடியில் ஓடும், ஒலி பதிந்த பள்ளத்தின் வேகம் மட்டும் குறைந்துகொண்டே வரும். வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ.; லேபிளை நெருங்கும்போது 22 செ.மீ. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு வெளியே 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இடம் கிடைக்கிறது, உள்ளே 22 மைக்ரான்தான். சாதாரண உருண்டை முனை ஊசியின் ஆரமோ 18 மைக்ரான். அவ்வளவு நெருக்கமான வளைவுக்குள் அந்த முனை இறங்காது, மேடுகளை உரசிக்கொண்டே போகும். பாடகர் ‘ஸ’ உச்சரிக்கும் இடமெல்லாம் எச்சில் தெறிப்பதுபோல இரைவது இதனால்தான்.

இது வெறும் இரைச்சலோடு நிற்பதில்லை. ஊசிமுனை வைரம், தட்டு பிளாஸ்டிக். சரியாக உட்காராத வைரம் பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிடும். முன்பு வைத்திருந்தவர் தேய்ந்த ஊசியோடு ஓட்டியிருந்தால் அந்தச் சேதம் நிரந்தரம். எவ்வளவு கழுவினாலும் போகாது.

பியானோ காட்டிக்கொடுப்பது வேறொரு குறையை. நடுத்துளை சரியான மையத்தில் இல்லையென்றால் சுருதி ஏறி இறங்கும். துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் வெளிப் பள்ளத்தில் ஏற்ற இறக்கம் 0.35 சதவீதம், உள்ளே, ஆரம் பாதிக்கும் குறைவாகிவிடுவதால், ஏறக்குறைய 0.8 சதவீதம். டிரம்ஸும் கிட்டாரும் மோதும் பாட்டில் இது மறைந்துவிடும். நீண்டு ஒலிக்கும் பியானோ சுரத்தில் மறையாது. ஓடும்போது ஊசியைத் தாங்கும் ஆர்ம் இடமும் வலமும் ஆடுகிறதா என்று பார்த்தாலே போதும். கீறலுக்குக் கணக்கு இன்னும் எளிது: ‘டிக்’ சத்தம் 1.8 நொடிக்கு ஒருமுறை தவறாமல் வந்தால் அது கீறல், ஒழுங்கில்லாமல் வந்தால் பெரும்பாலும் அழுக்கு.

அழுக்கு என்றால் பிழைத்தோம். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 100 மி.லி. ஐசோபுரோபைல் ஆல்கஹால், நீர் சீராகப் பரவ உதவும், ஃபிலிம் கழுவப் பயன்படும் வெட்டிங் ஏஜென்ட் சில துளிகள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் அதன் உப்பு பள்ளத்திலேயே தங்கிவிடும். லேபிள் நனையாமல், பள்ளம் போகும் திசையிலேயே மென்மையான பிரஷால் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை கழுவ வேண்டும். இந்த இரண்டாம் கழுவலைப் பலர் விட்டுவிட்டு, ஊசியில் பிசின்போல அப்பியிருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். பழைய 78 சுற்றுத் தட்டுகள் பக்கம் இந்தக் கலவையைக் கொண்டுபோகக் கூடாது. அவை அரக்குத் தட்டுகள், ஆல்கஹால் கரைத்துவிடும்.

தேய்ந்த தட்டுக்கும் ஓரளவு வழி உண்டு. நீள்வட்ட முனையின் பக்க ஆரம் சுமார் 8 மைக்ரான். உள்வளைவுகளில் அது இறங்கும். லைன் கான்டாக்ட் வகை ஊசி சுவரை இன்னும் அதிக உயரத்துக்குத் தொடுவதால், பழைய உருண்டை முனை படாத பகுதியையும் படிக்கிறது. ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜை ஆர்மில் பூட்டும் கோணமும் முக்கியம். ஒரு முனையை மையமாக வைத்துத் திரும்பும் ஆர்ம் பள்ளத்துக்கு நேராக நிற்பது இரண்டே இடங்களில். வழக்கமான அளவில் மையத்திலிருந்து 66, 121 மி.மீ. தொலைவில். ஊசி தட்டை அழுத்தும் எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்பது தவறான நம்பிக்கை. 1.8 கிராம் கேட்கும் ஊசிக்கு 1.2 கிராம் வைத்தால் அது துள்ளித் துள்ளிச் சுவரில் மோதும்.

எந்த அச்சு என்று அறிய, லேபிளைச் சுற்றியுள்ள பாட்டில்லாத வளையத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் இரண்டாம் ஆல்பத்துக்கு (1969) மாஸ்டரிங் பொறியாளர் ராபர்ட் லுட்விக் வெட்டிய முதல் மாஸ்டரில் (அச்செடுக்கும் மூலத் தட்டில்) ‘ஆர்.எல்.’ என்று கையால் கீறியிருக்கும். பேஸ் ஒலியை அவர் அவ்வளவு தாராளமாக வெட்டியதில் மலிவான பிளேயர்களில் ஊசி குதித்தது; நிறுவனம் ஒலியைக் குறைத்து மறுபடி வெட்டவைத்தது. இன்று அந்த முதல் அச்சுக்குத்தான் விலை. ஆனால் எழுத்து இருப்பதாலேயே பள்ளம் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அதன் முதல் பக்கமும் ‘தேங்க் யூ’ என்ற மெதுவான பாட்டில்தான் முடிகிறது. இறுதியில் ஆர்கன் தேய்ந்து அடங்கி, மறுபடி எழும். காசை எடுப்பதற்கு முன் ஊசியை அங்கே இறக்குங்கள்.