ராணிக்குத்தான் நஷ்டம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நண்பர்களோடு காசு வைக்காமல் போக்கர் ஆடுகிறேன். ஏஸும் ராஜாவும் வந்தாலும் சரி, ராணி ஜோடி வந்தாலும் சரி, டீலர் இடத்தில் இருந்தால் ஜெயிக்கிறேன். பிளைண்ட் இடத்தில் (சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டிய இடம்) இருந்தால் அதே சீட்டோடு தோற்கிறேன். உட்காரும் இடத்துக்கு ராசி உண்டா?"

ராசி கிடையாது. டீலர் யார் என்று காட்டும் வில்லையான டீலர் பட்டன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நகர்கிறது. எந்த நாற்காலியும் நிரந்தரமாக நல்லதோ கெட்டதோ ஆக முடியாது. ஆனால் பேசும் வரிசைக்கு ஒரு விலை உண்டு. அதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டலாம்.

ஹோல்டம் என்ற போக்கர் வகையின் விதிகள் எளிமையானவைதான். கையில் 2 சீட்டு, நடுவில் பொதுவாக முதலில் 3, பிறகு ஒவ்வொன்றாக 2. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். நோ-லிமிட் என்றால் கையில் இருப்பது அத்தனையையும் ஒரே தடவையில் கட்டலாம். நடுவில் சீட்டு விழுந்த பிறகு பிளைண்ட் போட்டவர்கள் முதலில் பேச வேண்டும், டீலர் கடைசியில் பேசுவார். எதிராளிக்கு முன்னால் பேச வேண்டிய நிலையைத்தான் 'அவுட் ஆஃப் பொசிஷன்' என்கிறார்கள்.

கடைசியில் பேசுபவருக்குத் தகவல் அதிகம், அதனால் அவருக்கு லாபம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எந்தச் சீட்டு அந்த நஷ்டத்தைச் சுமக்கிறது? எனக்கு இதைப் புரியவைத்தது பிரின்ஸ்டனின் கணிதவியலாளர் ஹெரால்ட் கூன் 1950இல் எழுதிய ஒரு குட்டி ஆட்டம்.

மொத்தமே மூன்று சீட்டு: ராஜா, ராணி, ஜாக்கி. ராஜா பெரியது, ஜாக்கி சிறியது. சீட்டைக் காட்டும்போது பெரிய சீட்டுக்கே வெற்றி. ஆடுபவர் இருவர். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டையை நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். முதல் ஆள் இன்னொரு கொட்டை கட்டலாம், அல்லது எதுவும் கட்டாமல் 'செக்' சொல்லி விடலாம். கட்டினால், மற்றவர் ஈடுகட்டிச் சீட்டைக் காட்டுவார், இல்லையென்றால் தோல்வியை ஒப்புக்கொண்டு சீட்டைக் கீழே போட்டுவிடுவார். செக் சொன்னால், மற்றவரும் செக் சொல்லி, சீட்டைக் காட்டி ஆட்டத்தை முடிக்கலாம், அல்லது ஒரு கொட்டை கட்டலாம். அப்போது முதல் ஆள் ஈடுகட்டுவதா, போட்டுவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

இருவரும் பிழையே இல்லாமல் ஆடினால், முதலில் பேசுபவர் சராசரியாக 18 ஆட்டத்துக்கு ஒரு கொட்டை இழக்கிறார். சீட்டில் பாரபட்சம் இல்லை, திறமையிலும் வித்தியாசம் இல்லை. அப்படியானால் அந்த ஒரு கொட்டை எங்கே ஒழுகுகிறது?

இரண்டாம் ஆளின் சிறந்த வழி இது. முன்னால் இருப்பவர் செக் சொன்னால், ராஜாவோடு எப்போதும் கட்டுவார். ஜாக்கியோடு மூன்றுக்கு ஒரு முறை பொய்யாகக் கட்டுவார். ராணியோடு கட்டவே மாட்டார். முதல் ஆளுக்குப் பல சிறந்த வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று வியப்பானது: ராஜாவே கையில் இருந்தாலும் எப்போதும் செக் சொல்வது. பிறகு எதிராளி கட்டினால், ராஜாவோடு ஈடுகட்டுவார், ஜாக்கியைப் போட்டுவிடுவார், ராணியோடு மூன்றுக்கு ஒரு முறை ஈடுகட்டுவார்.

இப்போது சீட்டுவாரியாகக் கணக்குப் பாருங்கள். ராஜா வந்தால், முதல் இடமோ இரண்டாம் இடமோ, சராசரி லாபம் ஒன்றேகால் கொட்டைக்குச் சற்றுக் குறைவு (7/6). ஜாக்கி வந்தால் இரண்டு இடத்திலும் ஒரு கொட்டை நஷ்டம். ராணிக்கு மட்டும் இரண்டாம் இடத்தில் சுழியம், முதல் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு நஷ்டம். இரண்டு இடங்களுக்கும் உள்ள மொத்த வித்தியாசத்தையும் அந்த நடுத்தரச் சீட்டு ஒன்றே சுமக்கிறது! முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்தபோது, தப்பு செய்துவிட்டேனோ என்று மூன்று முறை திரும்பக் கூட்டினேன்.

காரணத்தையும் பார்த்துவிடலாம். இரண்டாம் இடத்து ராணி, செக் வந்ததும் தானும் செக் சொல்லி இலவசமாகச் சீட்டைப் பார்த்துவிடுகிறாள். முதல் இடத்து ராணிக்கு அந்த வசதி இல்லை. செக் சொன்ன பிறகு எதிரில் ஒரு கொட்டை வந்து விழுகிறது. அது ராஜாவா, ஜாக்கியின் பொய்யா? ராஜா எப்போதும் கட்டுகிறார், ஜாக்கி மூன்றுக்கு ஒரு முறை. ஆக நான்கு பந்தயங்களில் மூன்று நிஜம், ஒன்று பொய். ஒரு கொட்டை போட்டு, நடுவில் உள்ள மூன்றை வெல்ல நாலில் ஒரு வாய்ப்பு: ஈடுகட்டினாலும் போட்டுவிட்டாலும் பலன் துல்லியமாக ஒன்றே. அந்த 'மூன்றுக்கு ஒரு முறை' என்ற அளவு, ராணியை இந்த இடத்தில் நிறுத்துவதற்காகவே பிறந்த எண்.

இப்போது ஹோல்டமுக்கு வருவோம். ஏஸும் ராஜாவும் கையில் வந்தால் கூனின் ராஜாவே வந்ததுபோல் இருக்கும். ஆனால் முதல் மூன்று பொதுச் சீட்டில் ஏஸோ ராஜாவோ விழுவது சுமார் 32% தடவைதான். மற்ற நேரமெல்லாம் அது மோசமும் இல்லாத, பலமும் இல்லாத கை. ராணி ஜோடி இருக்கும்போது நடுவில் ஏஸோ ராஜாவோ வந்து பயமுறுத்துவது 41%. ஜாக்கி ஜோடிக்கு மேல் பெரிய சீட்டு வருவது 57%. அதாவது, பலமான தொடக்கச் சீட்டுகளில் பெரும்பாலானவை பொதுச் சீட்டு விழுந்த கணத்திலேயே கூனின் ராணியாக மாறிவிடுகின்றன. நோ-லிமிட்டில் அந்த ராணி ஒரு முறை அல்ல, மூன்று கட்டத்திலும், ஒவ்வொரு முறையும் பெரிதாகும் தொகைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பரிகாரம் இரண்டு. முதலாவது, பொதுச் சீட்டு வருமுன்னே பெரிதாக ஏற்றிவிடுவது. கட்டாயப் பந்தயங்களில் பெரியது பிக் பிளைண்ட், அதில் பாதி ஸ்மால் பிளைண்ட். இருவரிடமும் 100 பிக் பிளைண்ட் இருக்கிறது, டீலர் 3 கட்டுகிறார், ஸ்மால் பிளைண்ட் விலகிவிட்டார் என்று கொள்வோம். பிக் பிளைண்டில் இருக்கும் நீங்கள் வெறுமனே ஈடுகட்டினால் நடுவில் 6.5, கையில் 97. ஏறக்குறைய 15 மடங்கு இன்னும் மிச்சம். 12ஆக ஏற்றி அவரும் ஈடுகட்டினால் நடுவில் 24.5, கையில் 88. நாலு மடங்குகூட இல்லை. இனிமேல் கட்டப்போகும் பணத்துக்குத்தான் வரிசையின் பலன் பொருந்தும். மிச்சம் குறைந்தால் அதுவும் குறையும்.

இரண்டாவது, கூனின் முதல் ஆள்போல பலமான கையோடும் செக் சொல்வது. வாசகர் தவறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஜோடி விழுந்தால் கட்டி, விழாவிட்டால் செக் சொன்னால், உங்கள் செக்கே உங்களைக் காட்டிக்கொடுக்கும். ராஜாக்களும் செக்குக்குள் ஒளிந்திருந்தால்தான் ராணிக்குப் பாதுகாப்பு.

கூனின் கட்டுரைக்கு 65 ஆண்டு கழித்து, 2015இல், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு இருவர் ஆடும் லிமிட் ஹோல்டமை (பந்தயத் தொகைக்கு வரம்பு உள்ள வகை) ஏறக்குறைய முழுதாகத் தீர்த்தது, அதாவது பிழையில்லாமல் ஆடும் வழியைக் கண்டுபிடித்தது. அங்கும் டீலருக்கே லாபம்: ஆட்டத்துக்குச் சுமார் 0.088 பிக் பிளைண்ட். சீட்டாட்ட ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. எதிராளி நம்மைக் கவனிக்கிறான் என்று தெரிந்தும் எப்படி முடிவெடுப்பது என்ற இதே துறைக் கணிதம்தான், 2007 முதல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் காவலர் சோதனைகளை ஊகிக்க முடியாதபடி திட்டமிட உதவியது. மூன்று சீட்டு ஆட்டத்தை ஆராய விரும்பும் மாணவரிடம் 'பயன் என்ன' என்று கேட்டுத் திருப்பி அனுப்பாத பல்கலைக்கழகங்கள் நமக்கும் வேண்டும்.

வாசகர் வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். மூன்று சீட்டு, ஒரு கிண்ணம் புளியங்கொட்டை, ஆளுக்கொரு பகடை. மூன்றுக்கு ஒரு முறை செய்ய வேண்டியதையெல்லாம் பகடை தீர்மானிக்கட்டும்: 1 அல்லது 2 விழுந்தால் சரி, இல்லையென்றால் வேண்டாம். முதல் இடத்திலேயே இருந்து 300 ஆட்டம் ஆடி, ராணி வந்த ஆட்டங்களை மட்டும் தனியாகக் குறித்து வாருங்கள். ஏறக்குறைய நூறு வரும் அந்த ஆட்டங்களில் முப்பது கொட்டைக்கு முன்னே பின்னே எதிர்ப்பக்கம் போயிருக்கும்.